பழைய கதிரடிக்கும் மெஷினுக்கு மலிவாக பெல்ட் வாங்குவது எப்படி?

கேள்வி கேட்டவரிடம் 1990களின் கடைசியில் வாங்கிய பல்பயிர் கதிரடிக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. டிராக்டரின் பின்னால் சுழலும் பிடிஓ ஷாஃப்ட்டில் ஓடுவது. அதைச் செய்த பட்டறை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. டிரம்முக்குப் போகும் மூன்று வி பெல்ட்டில் ஒன்று அறுந்துவிட்டது, மற்ற இரண்டும் வெடித்திருக்கின்றன, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "இந்த மெஷினுக்கென்றே வருகிற பெல்ட்" என்று ஒன்றைக் காட்டி, தலை சுற்றும் விலை சொல்லியிருக்கிறார்கள். குறைந்த விலையில் எங்கே கிடைக்கும் என்கிறார். கூடவே ஒரு பழைய ரைஸ் ஹல்லருக்கு, அதாவது நெல் அரைக்கும் மெஷினுக்கு, தட்டை பெல்ட்டும் வேண்டுமாம்.

அந்தக் கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. நம் ஊர்ப் பட்டறைகள் திரெஷர், அதாவது கதிரடிக்கும் மெஷின், செய்தன, பெல்ட் செய்யவில்லை. சந்தையில் கிடைத்த வார்ப்பிரும்பு புல்லியை வாங்கி மாட்டி, அதற்குப் பொருந்துகிற பெல்ட்டைப் போட்டு அனுப்பினார்கள். ஆகவே உங்கள் மெஷினில் இருப்பது பெரும்பாலும் மாவு மில்லிலும் கம்ப்ரஸரிலும் ஓடுகிற அதே சாதாரண வி பெல்ட்தான். "திரெஷர் பெல்ட்" என்று கேட்டால் ஒரு விலை, "பி 93 மூன்று" என்று கேட்டால் வேறு விலை. எனவே ஸ்பேர் பார்ட்ஸ் கடையை விட்டுவிட்டு, பேரிங், பெல்ட், ஆயில் சீல் விற்கும் மில் ஸ்டோர்ஸுக்குப் போங்கள். ஓரளவு பெரிய ஊர் எல்லாவற்றிலும் இரண்டு மூன்று இருக்கும். கோவை என்றால் டாக்டர் நஞ்சப்பா ரோடு பக்கம் ஒரு நடை நடந்தாலே போதும்.

ஆனால் போவதற்கு முன்னால் உங்களுக்கு நம்பர் தெரிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் அளவெடுக்கும் வேலை இருக்கிறது.

வி பெல்ட்டுக்கு இரண்டு விஷயம்: குறுக்குவெட்டு, நீளம். குறுக்குவெட்டை ஏ, பி, சி, டி என்று எழுத்தால் சொல்வார்கள். ஏ என்றால் மேல் அகலம் 13 மி.மீ., தடிமன் 8. பி என்றால் 17க்கு 11. சி என்றால் 22க்கு 14. டி இன்னும் பெரியது, 32க்கு 19. பெரிய மில்களில்தான் அதைப் பார்க்கலாம். இந்திய தர நிர்ணயத்தில் இதற்கான எண் ஐ.எஸ். 2494. எழுத்துக்குப் பின்னால் வரும் எண் பெல்ட்டின் உள்சுற்றளவு, இன்ச்சில். பி 93 என்றால் 17 மி.மீ. அகலம், உள்பக்கம் 93 இன்ச். இவ்வளவுதான் இந்த ரகசியம்.

அகலத்தை அளக்கும்போது தேய்ந்த பெல்ட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டில் தேய்ந்த பி பெல்ட் 15 மி.மீ. காட்டும், அதை ஏ என்று நினைத்து வாங்கி வந்தால் அது காடியின், அதாவது புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளத்தின், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், இழுக்காது. புல்லியில் காடியின் மேல் அகலத்தை அளந்து, அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். புது பெல்ட்டின் மேல்பக்கம் புல்லியின் விளிம்போடு சமமாகவோ, ஒரு நூல் மேலாகவோ நிற்க வேண்டும்.

நீளத்துக்கும் இதே கதைதான். அறுந்த பெல்ட்டை நீட்டிப் போட்டு டேப் பிடிக்கிறவர்கள் நிறைய. ஓடி ஓடி நீண்டுபோன பெல்ட் அது. அந்த அளவில் புதிது வாங்கினால் இழுத்துப் பிடிக்க இடமே இருக்காது. புல்லிகளைச் சுற்றியே அளவெடுங்கள். முதலில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷன் போல்ட்டைத் தளர்த்தி, அது நகரும் மொத்த தூரத்தில் கால்வாசி மட்டும் இழுத்த நிலையில் நிறுத்துங்கள். பிறகு இரண்டு புல்லிகளின் வெளிவிளிம்பைச் சுற்றி ஒரு வீட்டு வயரிங் ஒயரை இறுக்கமாகப் போட்டு, சேரும் இடத்தில் அடையாளம் வைத்து அளங்கள். கயிறு வேண்டாம், இழுபடும். கிடைப்பது வெளிச்சுற்றளவு. அதிலிருந்து ஏ பெல்ட்டுக்கு 2 இன்ச், பி பெல்ட்டுக்கு 2.7 இன்ச், சி பெல்ட்டுக்கு 3.5 இன்ச் கழித்தால் உள்சுற்றளவு வந்துவிடும். பெல்ட்டின் தடிமனால் வருகிற வித்தியாசம் அது.

ஒயர் போட வழியில்லாமல் கவர், ஷாஃப்ட் எல்லாம் குறுக்கே நின்றால் கணக்குப் போடலாம். இரண்டு ஷாஃப்ட் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டியுங்கள். இரண்டு புல்லிகளின் விட்டத்தையும் கூட்டி 1.57 ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். கடைசியாக, இரண்டு விட்டங்களின் வித்தியாசத்தை அதே வித்தியாசத்தால் பெருக்கி, மையத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்து, அதையும் சேருங்கள். உதாரணமாக பிடிஓ பக்கம் 14 இன்ச் புல்லி, டிரம் பக்கம் 9 இன்ச், மையத் தூரம் 30 இன்ச் என்று வைப்போம். 60, அதோடு 36.1, அதோடு 0.2, மொத்தம் 96.3 இன்ச். பி செக்‌ஷன் என்றால் 2.7 கழித்து 93.6. ஆகவே பி 93 அல்லது பி 94, கடையில் எது இருக்கிறதோ அது. டென்ஷன் போல்ட் அந்த அரை இன்ச் வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எதிர்த்திசையில் சுற்ற வைப்பதற்காகப் பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்காகப் போட்டிருந்தால், கடைசிப் படியில் வித்தியாசத்துக்குப் பதில் கூட்டுத்தொகையை எடுக்க வேண்டும். அந்த மாதிரி ஓடுவது தட்டை பெல்ட்டாகத்தான் இருக்கும்.

நம்பர் கையில் வந்ததும் வேலை பாதி முடிந்தது. மில் ஸ்டோர்ஸில் பெல்ட் அட்டையில் அச்சிட்ட விலைக்கே யாரும் வாங்குவதில்லை. "மூணும் சேர்த்து எடுக்கிறேன், லிஸ்ட்ல எவ்வளவு கழிப்பீங்க அண்ணே?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஒரே பெல்ட்டுக்கு இரண்டு கடைகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்தால் பஸ் டிக்கெட் காசு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஃபென்னர், பிக்ஸ் போன்ற நன்கு தெரிந்த கம்பெனிகளின் சாதாரண பெல்ட்டே போதும். பெயர் தெரியாத பெல்ட்டில் மிச்சமாகும் காசு, களத்தில் ஆட்களை உட்கார வைத்துக் கூலி கொடுக்கிற ஒரு நாளில் போய்விடும்.

தை மாதம் சம்பா அறுவடை நடக்கும்போது வாங்கப் போகாதீர்கள். அப்போது டெல்டா முழுவதும் இதே பெல்ட்டைத்தான் தேடும். இருப்பதை, இருக்கிற விலைக்கு, சில நேரம் இல்லாத நம்பருக்குப் பக்கத்து நம்பரைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஆடியிலோ ஆவணியிலோ கடை காலியாக இருக்கும்போது போனால் ஆள் நின்று பேசுவார், நீங்களும் நின்று பார்த்து வாங்கலாம்.

பார்த்து வாங்குவது என்றால் என்ன? பெல்ட்டை வளைத்து உள்பக்கம் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தால், நகத்தால் கீறினால் கறுப்புப் பொடி உதிர்ந்தால், அது பல வருஷம் அலமாரியில் கிடந்தது. அப்படி ஒன்றை நானே ஒருமுறை ஏமாந்து வாங்கியிருக்கிறேன். ஒரு கடையில் தூசி துடைத்துப் பளபளவென்று கொடுத்தார்கள். உளுந்து அடித்துக்கொண்டிருந்த இரண்டாம் நாளே துணி தனி, ரப்பர் தனி ஆகிவிட்டது. எழுத்து மங்கலாக, கையில் ஒட்டுகிற மாதிரி அச்சடித்திருந்தாலும், கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தொடாதீர்கள். பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று பெல்ட் என்பதால் இன்னொன்று. மூன்றையும் ஒரே கம்பெனியில், முடிந்தால் ஒரே கட்டிலிருந்து எடுக்க வேண்டும். கடையிலேயே மூன்றையும் ஓர் ஆணியில் தொங்கவிட்டு அடிப்பக்கம் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கி நின்றால் மாற்றச் சொல்லுங்கள். அறுந்தது ஒன்றுதானே, ஒன்று மட்டும் போட்டால் காசு மிச்சம் என்று நினைப்பது இயற்கைதான். ஆனால் பழைய இரண்டும் நீண்டு போயிருக்கும். புதுசு ஒன்றே எல்லாச் சுமையையும் இழுத்து, சீக்கிரமே அதுவும் அறுந்துவிடும். உங்கள் பழைய இரண்டும் வெடித்துவிட்டதால் பேச்சே இல்லை. வெடிக்காத பழைய பெல்ட் என்றால் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். ஒற்றை பெல்ட் ஓடுகிற சல்லடை பக்கத்துக்கோ, ஒரு நாள் அவசரத்துக்கோ ஆகும்.

இனி, மலிவு பார்க்கக் கூடாத சில இடங்கள் உண்டு. உங்கள் மெஷினில் பெல்ட்டின் முதுகை அழுத்துகிற ஜாக்கி புல்லி இருக்கிறதா என்று பாருங்கள். லீவரை இழுத்தால் ஜாக்கி அழுத்தி டிரம் ஓடும், விட்டால் நிற்கும் என்கிற அமைப்பு என்றால், அங்கே பெல்ட்தான் கிளட்ச். எதிர்ப்பக்கமாக வளைந்து வளைந்து சாதாரண பெல்ட் சீக்கிரம் வெடிக்கும். வழுக்கிப் பிடிக்கும்போது எரியும். அந்த இடத்துக்கு வேளாண் இயந்திரத்துக்கென்றே வருகிற, துணி சுற்றிய, உள்ளே வலுவான நூல் போட்ட பெல்ட் வாங்குவதுதான் கடைசியில் மலிவு. பல் வெட்டிய, பக்கத்தில் துணி இல்லாத பெல்ட்டை அங்கே போடக் கூடாது. அது காடியைக் கவ்வும், விட வேண்டிய நேரத்தில் விடாது. அதே பல் பெல்ட் சின்ன புல்லியில் சுற்றுகிற இடத்துக்கு அருமையானது. பி.எக்ஸ் என்று எழுத்து வரும். அகலம் பி பெல்ட்டின் அகலம்தான்.

அறுகோண வடிவில் இரண்டு பக்கமும் வி இருக்கிற பெல்ட்டும் சில பெரிய மெஷின்களில் வரும். முதுகாலும் ஒரு புல்லியைச் சுற்ற வைப்பதற்காக அது. அதற்குச் சாதாரண பெல்ட் மாற்று இல்லை. அறுவடை மெஷின்களில் வேகம் கூட்டிக் குறைக்கிற அகலமான பெல்ட்டுக்கும் அப்படித்தான், மாற்று இல்லை. அதை எழுத்து நம்பரோடு கேட்டு வாங்க வேண்டியதுதான், வேறு குறுக்கு வழியில்லை. நம்பருக்கு முன்னால் எச்.ஏ, எச்.பி என்று இருந்தால் குறுக்குவெட்டு ஏ, பி போலத்தான். ஆனால் நீளத்தை எழுதுகிற முறை வேறு. எண்ணை மட்டும் பார்த்து மாற்றாமல் ஒயர் போட்டு அளந்து பாருங்கள். எஸ்.பி.பி என்று எழுதியதை பி என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அகலம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அது 13 மி.மீ. ஆழம், உங்கள் காடியில் அடி தட்டும்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகத் தோன்றுவது புல்லி. பெல்ட் அறுந்ததும் பெல்ட்டைத் திட்டுகிறோம். பழைய மெஷினில் பத்துக்கு ஆறு ஏழு முறை குற்றவாளி புல்லியாகத்தான் இருக்கும், அல்லது அது நேராக நிற்காததாக இருக்கும். காடியின் அடிப்பகுதி கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா? அப்படியென்றால் பெல்ட் பக்கத்தில் பிடிக்காமல் அடியில் வழுக்கி ஓடியிருக்கிறது. வி பெல்ட் பக்கவாட்டில் ஆப்பு மாதிரி இறுகித்தான் இழுக்கிறது. அடி தட்டினால் அது வெறும் கயிறு. காடியின் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலை வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். நடுவில் குழிந்து முக்கால் மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் புல்லி எந்தப் புது பெல்ட்டையும் தின்றுவிடும்.

இரண்டு புல்லியின் முகத்தையும் தொட்டு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் நான்கு இடத்தில் தொட வேண்டும். ஒன்றில் தொடாமல் நின்றால் ஷாஃப்ட் சாய்ந்திருக்கிறது, அல்லது புல்லி உள்ளே வெளியே தள்ளியிருக்கிறது. பழைய பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இதுதான் காரணம். இரண்டு பக்கமும் கருகிப் பளபளத்தால் தொய்வாக ஓடி வழுக்கியிருக்கிறது. உடம்பு நன்றாக இருந்து திடீரென்று அறுந்திருந்தால், ஈரக் கதிர் அடைத்து டிரம் நின்றிருக்கும். அல்லது போடும்போதே யாரோ ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் போட்டிருப்பார்கள். அப்படி நெம்பினால் உள்ளே இருக்கிற நூல் அப்போதே அறுந்துவிடும், வெளியே தெரியாது. டென்ஷன் போல்ட்டை முழுசாகத் தளர்த்தி, கையால் போடுங்கள்.

லேத் பட்டறையில் தேய்ந்த காடியை மறுபடி வெட்டித் தருவார்கள். செலவு குறைவு. ஆனால் ஆழமாக வெட்டினால் பெல்ட் உட்காரும் விட்டம் குறையும், டிரம் வேகம் மாறும். மேலே சொன்ன 14க்கு 9 கணக்கில் பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றினால் டிரம் 840 சுற்று. டிரம் பக்கம் புல்லி அரை இன்ச் சிறுத்தால் கிட்டத்தட்ட 890. உளுந்து உடையும், நிலக்கடலை சொல்லவே வேண்டாம். ஒரு மயிரிழை வெட்டினால் சரி, அதற்கு மேல் என்றால் புது புல்லி பாருங்கள். கோணத்தையும் சொல்லிக் கொடுங்கள்: பி காடிக்கு 190 மி.மீ. விட்டம் வரை 34 டிகிரி, அதற்கு மேல் 38. எல்லாவற்றுக்கும் 40 என்று வெட்டித் தருகிற டர்னர்கள் உண்டு. பெல்ட்டின் கோணம்தான் 40, அது சுற்றி வளையும்போது உள்பக்கம் பிதுங்கிக் கோணம் குறைகிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

உங்கள் அளவு எந்த நிலையான செக்‌ஷனிலும் உட்காராமல் விசித்திரமாக வந்தால் என் யோசனை வேறு. அந்த விசித்திர பெல்ட்டைத் தேடி வருஷா வருஷம் அலையாதீர்கள். இரண்டு புல்லியையும் கழற்றிவிட்டு, அதே விட்ட விகிதத்தில் பி செக்‌ஷன் மூன்று காடி வார்ப்பிரும்பு புல்லிகளை வாங்கி, ஷாஃப்ட் அளவுக்குத் துளை போட்டு, புல்லி ஷாஃப்ட்டில் வழுக்காமல் சாவிக் கட்டை செருகுகிற கீ வழி வெட்டி மாட்டுங்கள். ஒருமுறை செலவுதான். அதற்குப் பிறகு எந்த ஊரில் நின்றாலும் பெல்ட் கிடைக்கும். புல்லியைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினாலும் தப்பில்லை, வெடிப்பும் தேய்வும் பார்த்து எடுக்கலாம். பெல்ட்டை மட்டும் ஒருபோதும் பழையது வாங்காதீர்கள். புல்லி விட்டம் பி பெல்ட்டுக்கு 125 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஏ பெல்ட்டுக்கு 75.

ஷாஃப்ட்டைக் கழற்றாமல் பெல்ட் உள்ளே நுழையவே நுழையாது என்கிற இடம் ஒன்று எல்லாப் பழைய மெஷினிலும் இருக்கும். அங்கே மட்டும் கண்ணி கண்ணியாகக் கோக்கிற லிங்க் பெல்ட் போடலாம். ஓர் அடி நீளத்துக்கான விலை அதிகம். ஆனால் பேரிங்கைக் கழற்றி மாட்டுகிற கூலியோடு ஒப்பிட்டால் சில நேரம் கட்டுப்படியாகும். டிரம்முக்கு வேண்டாம், சல்லடை, ஃபேன் மாதிரி லேசான சுமைக்கு.

இனி ரைஸ் ஹல்லர். தட்டை பெல்ட் இன்னும் எளிது, ஏனென்றால் அதை அடிக்கணக்கில் வெட்டி வாங்கி நாமே சேர்த்துக்கொள்ளலாம். அகலம் புல்லியின் முகத்தை விடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். எத்தனை பிளை என்று கேட்பார்கள்; பழைய பெல்ட்டின் வெட்டு முகத்தில் துணி அடுக்குகளை எண்ணிச் சொல்லுங்கள். ஆலைகளில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை நீளவாக்கில் வெட்டி மலிவாக விற்பார்கள். நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பெரிய புல்லியில் ஓடும், ஆனால் தடித்து விறைத்திருப்பதால் சின்ன புல்லியைத் தழுவாது, வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியும். ஹல்லருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு முனையையும் சேர்க்கக் கிளிப் அடிக்கும்போது முனையை மூலைமட்டம் வைத்து வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ட் ஒரு பக்கம் ஆடும். பெல்ட் வெளியே வெளியே ஓடினால் பலகை வைத்துத் தடுக்காதீர்கள். தட்டை புல்லியின் முகம் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். பெல்ட் எப்போதும் உயரமான இடத்துக்கு ஏறப் பார்க்கும், அதனால்தான் நடுவில் நிற்கிறது. அந்தப் புடைப்பு தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுக்க வேண்டியதுதான். வழுக்குகிறது என்று குங்கிலியத்தைத் தூவுவார்கள். அன்றைக்கு ஓடும், மறுநாள் அதுவே தூசியோடு சேர்ந்து கட்டி கட்டியாகிவிடும். வி பெல்ட்டில் அதை எந்தக் காரணத்துக்கும் போட வேண்டாம். ஓடும்போது கையால் தூவுவது பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. கதிரடிக்கும் மெஷினில் கை போனவர்கள் அத்தனை பேர் என்பதால்தான் 1983இல் இதற்கென்றே ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. பெல்ட் மாற்றக் கழற்றிய தகரக் கவரை மறுபடி மாட்டாமல் மெஷினை ஓட்டாதீர்கள்.

மாட்டிய பிறகு இழுப்பு. இரண்டு புல்லிக்கும் இடையே பெல்ட் தனித்து நிற்கிற தூரத்தை அளந்து, நடுவில் அழுத்திப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 16 மி.மீ. கணக்கில் இறங்கினால் சரி. உங்கள் மெஷினில் முக்கால் மீட்டர் என்றால் 12 மி.மீ. வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுகிறவர்கள் அடுத்த மாதம் பேரிங் வாங்கப் போவார்கள். புது பெல்ட் முதல் ஒன்றிரண்டு நாளில் காடியில் உட்கார்ந்து தொய்யும், அப்போது ஒருமுறை மறுபடி இழுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு, "புது பெல்ட்டும் வழுக்குது, டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் மெஷினின் கவர் உள்பக்கம் பெயின்ட்டால் பெரிதாக எழுதி வையுங்கள்: டிரம் பி 93, மூன்று; சல்லடை இன்ன நம்பர், ஒன்று; வாங்கிய மாதம், வருஷம். சீசன் முடிந்து மெஷினைக் கொட்டகையில் ஏற்றும்போது டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள். ஸ்பேர் பெல்ட் வாங்கியிருந்தால் டீசல் கேன் பக்கத்தில் சுருட்டிப் போடாமல், வெயில் படாத சுவரில் அகலமான மரக்கட்டை அடித்து அதில் தொங்கவிடுங்கள், எலிக்கு எட்டாத உயரத்தில்.